பண்டிகைக்கு வந்த பூச்சிமருந்து டப்பா

எழுபதுகளின் தொடக்கத்தில் நாங்கள் மாரண்டஹள்ளியில் குடியிருந்தோம். என் கணவருக்கு அங்கே ஓர் உரக்கடையில் வேலை. மனிதர் தங்கமானவர்தான், ஆனால் வீட்டில் எதையும் தூக்கிப் போட விடமாட்டார். டிசம்பர் பிறந்தாலே எனக்குத் தலைவலி. சிகரெட் பெட்டிக்குள் இருக்கும் வெள்ளித்தாளைக் கடைத்தெருவெல்லாம் பொறுக்கி வந்து கிறிஸ்துமஸ் ஸ்டார் ஒட்டுவார். போன வருடம் வந்த வாழ்த்து அட்டைகளில் எழுதிய பக்கத்தைக் கிழித்துவிட்டு, படத்தை மட்டும் இந்த வருடம் வேறு ஆளுக்கு அனுப்புவார். ஒருமுறை அது அனுப்பியவருக்கே திரும்பிப் போய்ச் சேர்ந்து என் மானம் போயிற்று. அவரோ தபால்தலை வீணாகிவிட்டதே என்று வருத்தப்பட்டார்!

அந்த வருடம் முறுக்கு போட்டு வைக்கவென்று கடையிலிருந்து ஒரு தகர டப்பா கொண்டுவந்தார். பூச்சிமருந்துத் தூள் வந்த டப்பா. சாம்பலும் புளியும் போட்டுத் தேய்த்தாகிவிட்டது, இனி என்ன பயம் என்று என்னிடமே கேட்கிறார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அதை ஓட்டை போட்டு, நசுக்கி, புதைத்துவிட்டு வீட்டுக்குள் வந்தால் போதும் என்று கத்தினேன். முணுமுணுத்துக்கொண்டே எடுத்துப் போனவர் வெறுங்கையோடு திரும்பினார். சனியன் தொலைந்தது என்று நானும் பலகார வேலையைப் பார்க்கப் போய்விட்டேன்.

கிறிஸ்துமஸ் அன்று காலையில், எங்களுக்குப் பால் ஊற்றும் பெண்ணுக்கு முறுக்கும் அதிரசமும் கொடுத்தேன். பலகாரம் வாங்கினால் பதிலுக்கு ஏதாவது கொடுக்காமல் இருக்க மாட்டார்கள் அந்தப் பக்கத்து ஜனங்கள். மதியமே அவரைக்காய் பறித்துக்கொண்டு வந்து நின்றாள். கொண்டுவந்தது அதே டப்பாவில். சுரண்டியும் போகாத சிவப்பு எழுத்து பாதி அப்படியே தெரிந்தது.

"அண்ணந்தாங்க குடுத்தாரு. நல்லா கெட்டியா இருக்குது. நாளையிலேர்ந்து பாலு இதுலதாங்கக்கா" என்றாள்.

அவள் பாலைத்தான் என் பிள்ளைகளும் எங்கள் தெருப் பிள்ளைகள் அத்தனை பேரும் குடித்தார்கள், அவளுடைய கைக்குழந்தையும்தான். இதில் பால் ஊற்றினாயா என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன். ஏதோ வாடை வந்ததால் வெயிலில் காய வைத்திருந்ததாகவும், இன்னும் ஊற்றவில்லை என்றும் சொன்ன பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. டப்பாவைப் பிடுங்கி அவரைக்காயைக் குப்பைக்குழியில் கொட்டினேன். ஆசையாகக் கொண்டுவந்ததைக் கொட்டிவிட்டேன் என்று அவள் முகம் வாடிவிட்டது. அதற்குள் முன்பு என்ன இருந்தது, முறுக்கு போட அதை நான் ஏன் வேண்டாம் என்றேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். எங்கள் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து, நன்றாகக் கழுவித்தானே கொடுத்தேன், நல்ல பொருள் வீணாகப் போகக் கூடாதே என்று இழுத்தார்.

அவள் சத்தமே போடவில்லை.

"உங்க புள்ளைங்களுக்கு ஆவாதுன்னு தெரிஞ்சுதான் எம்புள்ளைக்கு குடுத்தீங்களாண்ணா?"

அவர் கட்டியிருந்த புது வேட்டியோடு போய்க் கடப்பாரையை எடுத்து அந்த டப்பாவைக் குத்தினார், குத்தினார், குத்திக்கொண்டே இருந்தார். நான் பாலுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி என்னுடைய பித்தளைத் தூக்குவாளியை எடுத்து நீட்டினேன். அவள் வாங்கிக்கொள்ளாமலே போய்விட்டாள்.

மறுநாள் வழக்கம்போலப் பால் வந்தது, பேச்சுத்தான் வரப் பல நாள் ஆயிற்று. இன்றும் வீட்டில் கழித்த பொருளை யாருக்காவது கொடுக்க எடுத்தால், இதை என் பிள்ளைகளுக்குக் கொடுப்பேனா என்று என்னையே ஒரு தரம் கேட்டுக்கொண்டுதான் வாசற்படி தாண்டுகிறேன்.