முதல் ஆணியில் தொங்கிய கொக்கி

நனைந்து காய்ந்த சாக்கின் மணம் எங்காவது மூக்கில் ஏறினால் இன்றைக்கும் என் வலது கை தானாக மூடிக்கொள்கிறது. கொக்கியைப் பிடித்த கை அது...

போன கிழமை ஒரு நண்பர் இங்கே ஒரு படம் போட்டிருந்தார். வாவிக்கரையில் இருக்கும் பழைய அரிசி ஸ்டோர். 'சுனாமியில் வெடித்த சுவரைத் தன் தொழிலாளருக்காக இடித்துக் கட்டிய நல்ல மனிதரின் ஸ்டோர்' என்று கீழே எழுதியிருந்தார். பலர் கைகூப்பியிருந்தார்கள்.

அந்தச் சுவர் எப்படி எழும்பியது என்று எனக்குத் தெரியும். சொல்லாமல் விட எனக்கு மனமில்லை.

நான் அங்கே நாட்டாமை. தமிழ்நாட்டு நண்பர்கள் ஊர்ப் பெரியவர் என்று நினைத்துவிட வேண்டாம். எங்கள் பக்கத்தில் நாட்டாமை என்றால் மூட்டை தூக்குகிறவன்.

மூட்டையைக் குத்தித் தூக்க ஒவ்வொருவருக்கும் சொந்தக் கொக்கி உண்டு. மரப்பிடியில் ஒருவன் சாரத்துணி சுற்றியிருப்பான், ஒருவன் சைக்கிள் டியூப். வேலை முடிந்தால் கதவோரப் பலகையில் ஆணிகளில் மாட்டுவோம். முதல் ஆணி, எங்களுக்காக வாய் திறக்கிற ஆளுக்கு. மற்றவர்கள் அனுபவப்படி அடுத்தடுத்து.

வேலை நேரத்தில் கொக்கிகள் ஆணியில் தொங்கினால் ஒருவனும் மூட்டையைத் தொடமாட்டான் என்று அர்த்தம். ஸ்ட்ரைக் என்ற சொல்லை நாங்கள் சொன்னதே இல்லை.

சுனாமித் தண்ணீர் போனபிறகு வாவிப் பக்கத்துச் சுவரில் கை நுழைகிற வெடிப்பு. முதலாளி அதன்மேல் சீமெந்து பூசி வெள்ளையடித்தார். நிவாரண அரிசி வந்து குவிந்தது. அந்தச் சுவரோடு சாய்த்துக் கூரை வரைக்கும் அடுக்கச் சொன்னார்கள். லொறி பின்னால் வரும்போதெல்லாம் தலையில் சுண்ணாம்பு கொட்டும்...

ஒரு மாரியில் சுவர் கொஞ்சம் பிதுங்கியது. அடுக்கு சரிந்தது. தேற்றாத்தீவு யோகன் அடியில் கிடந்தான். மூட்டைகளை இழுத்து எடுக்கும்போது மூச்சு இல்லை.

செத்தவீடு முடிந்து வந்த காலை கொக்கிகளை மாட்டினோம். யோகனின் கொக்கியையும் அவனுடைய ஆணியில் மாட்டினோம். சுவரைப் புதிதாகக் கட்டாமல் தூக்குவதில்லை.

சண்டை நடந்த அந்தக் காலம் எப்படிப்பட்டது என்று இப்போது சொன்னால் நம்பமாட்டார்கள். நாலு பேர் சேர்ந்து நின்றால் சந்தேகம். வெள்ளை வேனில் ஏற்றப்பட்டவனைத் தேடிப் போனவனும் திரும்பவில்லை. அதனால், ஆர் தலைவன் என்று எவன் கேட்டாலும் வாய் திறப்பதில்லை என்று முதல்நாளே பேசிக்கொண்டோம்.

பகல், எங்களோடு மூட்டை தூக்கும் ஏறாவூர் கபூர் காக்கா (முஸ்லிம் அண்ணன்மாரை அப்படித்தான் கூப்பிடுவோம்) தொழுகைக்குக் கைகால் கழுவ அலுவலக அறைக்குப் பின்னால் போனார். உள்ளே கணக்கப்பிள்ளை போனில் பேசுவது கேட்டிருக்கிறது.

"பேர நான் சொல்லமாட்டன் சேர். எனக்கும் புள்ளகுட்டி இரிக்கு. முதல் ஆணியில சிவப்புத் துணி சுத்தின கொக்கி தொங்குது. அது ஆர்ரயெண்டு பாருங்க."

காக்கா ஈரக் காலோடு ஓடிவந்தார்.

"டேய், கொக்கியள இறக்குங்கடா! நம்மட ஆள நாமளே ஆணியில மாட்டி வெச்சிரிக்கம்!"

அப்போதுதான் உறைத்தது. வாயைக் கட்டிய நாங்கள் கையைக் கட்டவில்லை. பழக்கத்தில் வரிசை தப்பாமல் மாட்டியிருந்தோம்...

எல்லாவற்றையும் இழுத்து நிலத்தில் ஒரே குவியலாகப் போட்டோம். எங்கள் ஆள் மட்டும் அசையவில்லை.

"என்ட கொக்கிய நான் எடுக்கிறன். என்னால நீங்க ஏன் சாகணும்?"

"பொத்து மச்சான் வாய. வீரம் காட்ட உனக்கு வேற நாள் கிடைக்கல்லியா?" என்றார் காக்கா. ஒருவன் சிரித்தான்.

வேன் வந்தது. மூன்று பேர் இறங்கினார்கள். ஒருவனுக்கு முகம் மூடியிருந்தது. யாருடைய ஆட்கள் என்று கேட்காதீர்கள். அப்போதும் நாங்கள் கேட்கவில்லை.

முகம் மூடியவன் வெறும் ஆணிகளைப் பார்த்தான். கணக்கப்பிள்ளையைப் பார்த்தான். அவர் நிலத்தைப் பார்த்தார்.

"ஆருடா லீடர்?"

மழை தகரத்தில் விழும் சத்தம் மட்டும்.

"சரி. அவனவன்ட கொக்கிய எடுங்க."

எங்கள் ஆள்தான் முதலில் குனிந்தான். சிவப்புப் பிடிக்கு நேரே கை போனது... கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது அவன் கையில் சைக்கிள் டியூப் சுற்றிய கொக்கி. யோகனுடையது.

பிறகு ஒவ்வொருவராக எடுத்தோம். கடைசியில் சிவப்பு மட்டும் தனியாகக் கிடந்தது.

"இது ஆர்ர?"

காக்காதான் சொன்னார். "யோகன்ட சேர். அவன்தான் எங்கட லீடர். இந்தச் செவருக்குக் கீழதான் செத்தான்."

கணக்கப்பிள்ளைக்கு உண்மை தெரியும். அவர் தலையை நிமிர்த்தினால் போதும்... நிமிர்த்தவில்லை.

முகம் மூடியவன் கொக்கியைக் காலால் தள்ளினான். "திரும்பி வருவம்" என்றான். போனார்கள்.

அவர்கள் வரவில்லை. ஆனால் வருவார்கள் என்று காத்திருந்தோம். ஒரே வீட்டில் தொடர்ந்து படுக்கவில்லை. கொக்கியை மட்டும் தொடவேயில்லை. தூக்க ஆளில்லாமல் லொறிகள் தெருவில் நின்றன, அரிசி நனைந்து பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கியது. அதன்பிறகுதான் சுவரை இடித்துக் கட்ட மேசன்மார் வந்தார்கள். நல்ல மனம் கட்டிய சுவர் இல்லை அது.

சண்டை முடிந்து கனகாலம் ஆகிவிட்டது. போன மாதம் அந்தப் பக்கம் போனேன். மூட்டை பெல்ட்டில் ஓடுகிறது. பெடியன்மாரை ஒரு கம்பனி அனுப்புகிறதாம். எல்லோருக்கும் ஒரே மாதிரிக் கையுறை. பக்கத்தில் நிற்பவனின் பெயர் தெரியாது. கூரைத் தகரம் ஆடுகிறதே, சொல்லவில்லையா என்று கேட்டேன்.

"சொன்னா நாளைக்கு வரவேணாமெண்டுவாங்க ஐயா."

படம் போட்ட நண்பர் இன்பொக்ஸில் கேட்கிறார்: உண்மையில் யார் ஐயா அந்தத் தலைவர்? இப்போது சமாதானம்தானே, எழுதலாமே?

எழுதத் தொடங்கினேன். வாசலில் ஒரு வேன் மெதுவாகப் போனது. வீடு வீடாகப் பாண் விற்கிற பேக்கரி வேன். அது தெருமுனை திரும்பும் வரைக்கும் என் விரல் அசையவில்லை.

எழுதியதை அழித்துவிட்டேன்.

யோகன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.