பதுக்கி வைத்த விடைகள்

தில்லை நகரில் என் கடைக்கு வருகிறவர்கள் கம்ப்யூட்டர் வேகமாக ஓட வேண்டும் என்றுதான் கேட்பார்கள். சூடு குறைய வேண்டும் என்று கேட்டு வந்தவர் அவர் ஒருவர்தான். ஸ்ரீரங்கம் உத்திர வீதிக்காரர், வங்கி வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். வேட்டியும் நெற்றியில் ஸ்ரீசூர்ணக் கோடுமாக வந்து நின்று, "ஜுரக்காரன் மாதிரி கொதிக்கறது சார். உயிரைத் தொடாம ஜுரத்தை மட்டும் இறக்கணும்" என்றார்.

நான் இதை எந்தக் காலேஜிலும் படித்தவன் இல்லை. துவாக்குடியில் ஒரு பட்டறையில் மோட்டார் காயில் சுற்றிக்கொண்டிருந்தவன், பிரித்துப் பிரித்துப் பார்த்தே கற்றுக்கொண்டேன். பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் அதைக் கொண்டுவந்தவரைப் பேச விடுவது என் வழக்கம். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும். மீதிப் பாதிக்கு, அவர்கள் சொன்ன வார்த்தைகள் எனக்குத் துணையாக இருக்கும்.

அவர் பேசியதில் தெரிந்தது இது. ஏதோ ஒரு தேசத்து ஆராய்ச்சிக்கூடம் ஒரு மாபெரும் கணக்கைச் சிறுசிறு துண்டுகளாக்கி, விருப்பப்பட்டவர் வீட்டுக் கம்ப்யூட்டருக்கெல்லாம் அனுப்பும். நம் பெட்டி அதைப் போட்டு முடித்து விடையைத் திருப்பி அனுப்பும். கூலி கிடையாது, புள்ளிகள் உண்டு. புள்ளி என்று ஒன்று வந்துவிட்டால் மனிதர்கள் சும்மா இருப்பார்களா? குழு சேர்ந்தார்கள், குழுக்களுக்குள் போட்டி வைத்தார்கள். அவர் சேர்ந்திருந்த குழுவைத் துவாக்குடி இன்ஜினீயரிங் காலேஜ் விடுதிப் பிள்ளைகள் நடத்தினார்கள். அதில் தலை நரைத்தவர் அவர் மட்டும்தான். பிள்ளைகள் அவரைத் 'தல' என்று கூப்பிடுவதைச் சொல்லும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்.

அவர் பெட்டி போட்டதெல்லாம் ஒரே வகைக் கணக்கு. நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமாக இறுகிப்போகும் நோய் ஒன்று இருக்கிறது. அதில் ஒரு புரதம் எப்படி மடிகிறது, எங்கே கோணுகிறது என்கிற கணக்கு. அவர் மனைவிக்கு அந்த நோய்.

பெட்டியை வீட்டில் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்று போனேன். கூடத்தில் ஆஸ்பத்திரிக் கட்டில். மூக்கில் குழாயுடன் மாமி சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கட்டிலுக்கு இந்தப் பக்கம் காற்றில் இருந்து ஆக்சிஜனைப் பிரித்துக் கொடுக்கும் மெஷின், அந்தப் பக்கம் கம்ப்யூட்டர். வேறு அறையில் வைத்தால் அவர் அங்கேயே போய் உட்கார்ந்துவிடுகிறார் என்று மாமியே அதை இங்கே கொண்டுவரச் சொன்னாராம்.

"வாங்கோ. மூச்சு விடற மெஷினுக்கு வந்தேளா, கணக்குப் போடற மெஷினுக்கா?"

கணக்கு மெஷினுக்கு என்றேன்.

"அப்ப உட்காருங்கோ. மத்ததுக்கு வந்தவா யாரும் உட்கார்றதில்லை. நின்னுண்டே பாத்துட்டு, அவரைத் தனியாக் கூப்பிட்டுண்டு போயிடறா."

நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கினார். அதனால் வீண்வார்த்தை ஒன்றும் பேச மாட்டார். புள்ளிகளைப் பற்றிக் கணவர் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தபோது மாமி, "பாயிண்ட்டுன்னா என்ன, புண்ணியந்தானே? அதையும் கண்ணால பாத்தவா கிடையாது" என்றார்.

சிக்கல் இன்வர்ட்டரில் இருந்தது. பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்டை நிறுத்தும் நாட்களில் இரண்டு மெஷினும் ஒரே இன்வர்ட்டரில் ஓட வேண்டும். தாங்காமல் அது கத்த ஆரம்பித்துவிடும். மூச்சு மெஷின் எடுக்கும் கரண்டில் கை வைக்க முடியாது. அது விட்ட மிச்சத்தில்தான் கம்ப்யூட்டர் பிழைக்க வேண்டும்.

பிராசசர் செய்கிறவர்கள் வோல்டேஜைக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்து அனுப்புவார்கள். விருந்தாளிக் காபிக்குச் சர்க்கரை போடுகிற மாதிரி, எதற்கும் இருக்கட்டும் என்று. அந்தக் கூடுதலைப் படிப்படியாகக் குறைத்துக்கொண்டே போகலாம். சூடு இறங்கும், கரண்ட் இறங்கும், வேகம் அவ்வளவாக இறங்காது. ஓர் இடத்தில் பெட்டி அப்படியே நின்றுவிடும். நின்றால் நல்லது, இரண்டு படி மேலே ஏறிக்கொள்ளலாம். ஆனால் அதற்குச் சற்று மேலே இன்னோர் இடம் இருக்கிறது. அங்கே பெட்டி நிற்காது. ஓடிக்கொண்டே இருக்கும், நடுவில் எங்கேயோ ஓர் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி மேலே போகும்.

அதைக் கண்டுபிடிக்க ஆராய்ச்சிக்கூடமே ஒரு வழி வைத்திருந்தது. ஒவ்வொரு துண்டையும் இரண்டு பேருக்கு அனுப்புவார்கள். விடை ஒத்துப்போனால் செல்லும். ஒத்துப்போகாவிட்டால் மூன்றாவது ஆளுக்கு அனுப்புவார்கள். தனித்து நிற்கிற விடை செல்லாது. நாங்கள் ஒரு படி இறக்குவோம், சில நாள் ஓட விடுவோம், அவர்கள் தளத்தில் போய்ப் பார்ப்போம். எல்லாம் செல்லும் என்று இருந்தால் அடுத்த படி. இப்படியே இறக்கி, இன்வர்ட்டர் கத்தாமல் இருக்கும் அளவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டோம்.

அந்தச் சமயத்தில்தான் போட்டி வந்தது. குழுவை நடத்துகிற பையனிடம் இருந்து தகவல்: எல்லாரும் இப்போதே பதுக்க ஆரம்பியுங்கள். இந்தப் போட்டிக்காரர்களிடம் அப்படி ஒரு பழக்கம். தொடங்கும் நாளுக்கு முன்பே கணக்குகளை வாங்கிக்கொண்டு, இணையத் தொடர்பைத் துண்டித்துவிட்டுப் போட்டு முடித்து, விடைகளைப் பெட்டிக்குள்ளேயே வைத்திருப்பார்கள். போட்டி திறந்ததும் மொத்தமாக அனுப்பி எதிராளியை மலைக்க வைப்பார்கள். கெடுவுக்குள் போய்விட்டால் யாரும் தப்புச் சொல்ல மாட்டார்கள்.

இதை அவர் உற்சாகமாக விளக்க, மாமி கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"போட்டு முடிச்ச விடை இங்கயே இருக்குங்கறேள்."

"ஆமா."

"என் வியாதிக்கான விடை."

"எல்லாருக்குமானது. கொஞ்ச நாள்தான், போயிடும்."

"அரிசியைப் பதுக்கினா பிடிச்சுண்டு போவா. இதைப் பதுக்கினா கப் குடுப்பாளா?"

கப் எல்லாம் இல்லை, திரையில் குழுவின் பெயர் மேலே வரும், அவ்வளவுதான் என்றார் அவர். குரல் இறங்கிவிட்டது. மாமி கையை நீட்டி அவர் முழங்கையைத் தொட்டு, போட்டும், ஜெயிச்சுட்டு வாங்கோ என்றார்.

அந்த மாதம் வெயில் மோசமாக இருந்தது. மாமிக்கு ஆக்சிஜன் அளவைக் கூட்டச் சொல்லிவிட்டார்கள். பெரிய மெஷின் வந்தது, அது இன்னும் அதிகக் கரண்ட் எடுத்தது. இன்வர்ட்டர் மறுபடி கத்தியது. கரண்ட் இல்லாத நேரத்தில் கம்ப்யூட்டரை நிறுத்திவிடலாமே சார் என்று நான் சொன்னேன். அவர் காபி கொண்டுவருவதாக உள்ளே போனார். மாமி என்னைக் கிட்டே வரச் சொன்னார்.

"அதை நிறுத்திடாதேங்கோ. அது ஓடினா அதைப் பாத்துண்டிருக்கார். நின்னா என் மூஞ்சியையே பாத்துண்டு உட்கார்ந்துடறார். என்னால... அதைத் தாங்க முடியலை."

காபி வந்தது. குடித்துவிட்டு, இன்னும் ஒரு படி இறக்கிப் பார்க்கலாம் சார் என்றேன்.

முழுச் சூட்டில் ஒரு நாள் ஓட்டிச் சோதித்த பிறகுதான் படி இறக்கியதை நம்ப வேண்டும். அந்தக் கூடத்தில், அந்த வெயிலில், மாமியின் பக்கத்தில் அதைச் செய்ய இருவருக்குமே மனம் வரவில்லை. கொஞ்ச நேரம் ஓட்டினோம். தாங்கியது. தளத்தில் போய்ப் பார்க்கலாம் என்றால் பார்ப்பதற்கு அங்கே ஒன்றும் இல்லை. விடைகள் எல்லாம் வீட்டுக்குள் இருந்தன. ஒரு நாள் தொடர்பைத் திறந்து கொஞ்சம் மட்டும் அனுப்பிப் பார்ப்போமா என்று கேட்டேன். திறந்தால் எல்லாமே போய்விடும், பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்தாயிற்று என்றார். இதுவரைக்கும் நம் விடை ஒன்றுகூடத் தள்ளுபடி ஆனதில்லையே என்றும் சொன்னார். அது உண்மைதான். இன்வர்ட்டரும் கத்தவில்லை.

போட்டி தொடங்கச் சில நாள் இருக்கும்போது காலையில் அவர் போன். "ஆசார்யன் திருவடி அடைஞ்சுட்டா" என்றார். மாமி போய்விட்டார். நான் போய்ச் சேர்ந்தபோது வாசலில் செருப்புகள் நிறைந்திருந்தன. மூச்சு மெஷினை யாரோ ஓரமாகத் தள்ளிக் குழாயைச் சுற்றி வைத்திருந்தார்கள். கட்டிலை எடுத்துவிட்ட இடத்துக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்களுக்கு அது என்னவென்று தெரியாது. தெரிந்த நாங்கள் இருவரும் அதன் பக்கம் திரும்பவில்லை.

பதின்மூன்றாம் நாள் காரியம் முடிந்த பிறகு கூப்பிட்டார். போட்டி திறந்திருந்தது. பிள்ளைகள் ஒருவரும் அவரிடம் விடைகளைக் கேட்கவில்லை. அது அவர்கள் காட்டிய மரியாதை. அவராகவேதான் அனுப்பிவிடலாம் என்றார். கெடு இன்னும் இருந்தது. தொடர்பைத் திறந்தேன். இத்தனை வாரமாகச் சேர்ந்ததெல்லாம் சற்று நேரத்தில் போய்விட்டது.

"அவ மூச்சோட மூச்சா ஓடினது சார் அது. எங்கேயாவது ஒருத்தருக்கு உதவட்டும்."

மறுநாள் காலை நான் போனபோது தளத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பழைய விடைகள் செல்லும் என்று வந்திருந்தன. அதற்குப் பிறகு ஒன்று செல்லாது, அடுத்ததும் செல்லாது. நான் கீழே இறங்கிக்கொண்டே போனேன். இடையில் அங்கொன்றும் இங்கொன்றும் செல்லும். மற்றதெல்லாம் தள்ளுபடி. எந்த நாளில் இருந்து என்று அவர் கேட்கவில்லை. பெரிய ஆக்சிஜன் மெஷின் வந்த நாள் அவருக்குத் தெரியும்.

நான்தான் ஏதாவது சொல்ல வேண்டியிருந்தது. தள்ளுபடியான கணக்கு வீணாகாது சார், வேறு யாரோ ஒருவருக்குப் போயிருக்கும், அவர் சரியாகப் போட்டிருப்பார் என்றேன்.

"போட்டிருப்பார். ஆனா அங்க அவ மூச்சு இல்லையே."

கடையில் எத்தனையோ பேர் சொன்னதை மனதில் வைத்திருக்கிறேன், அவற்றில் ஒன்றும் அங்கே எடுத்து வைக்கத் தோதாக இல்லை. தெருவில் கீரைக்காரி கூவிக்கொண்டு போனாள். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மடித்து, மறுபடி போட்டுக்கொண்டார்.

பெட்டியைக் கடைக்கு எடுத்துக்கொண்டு போகட்டுமா என்று கேட்டேன்.

"வேண்டாம். கம்பெனிக்காரன் வெச்ச வோல்டேஜையே வெச்சுடுங்கோ. அது கேக்கற கரண்டைக் குடுத்துடலாம். இப்ப இன்வர்ட்டர்ல வேற என்ன இருக்கு?"

வைத்தேன். சூடு ஏறியது, விசிறி பலமாகச் சுற்றத் தொடங்கியது. புதிய கணக்குகள் வந்து இறங்கின. இந்தத் தடவை முடிகிற விடை ஒவ்வொன்றையும் உடனுக்குடன் அனுப்பும்படி வைக்கச் சொன்னார். குழுவில் இருந்து தன் பெயரை எடுத்துவிட முடியுமா என்றும் கேட்டார். அதையும் செய்துகொடுத்தேன். ஜன்னலைத் திறந்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு, பெட்டிக்கு எதிரே உட்கார்ந்தார். நான் போயிட்டு வரேன் சார் என்றேன். தலையை ஆட்டினார்.