பட்டாபி சாரின் பிள்ளையார் மெட்டு

போன வாரம் என் மகள் தனக்குப் பிடித்த பாட்டில் ஒரு துண்டை நறுக்கிக் கைபேசிக்கு மணியாக வைத்துக்கொண்டாள். நான் காபியை ஆற்றுவதற்குள் வேலை முடிந்துவிட்டது. "உனக்கும் வைக்கட்டுமாப்பா?" என்றாள். வேண்டாம் என்றேன். ரிங்டோன் விஷயத்தில் நான் பட்டவன்.

தொண்ணூறுகளின் கடைசியில் பாண்டி பஜார் பக்கம் ஒரு தண்ணீர் மோட்டார் கம்பெனியில் வேலை பார்த்தேன். மேனேஜர் பட்டாபி சார் மயிலாப்பூர்க்காரர். மோட்டார் விற்பது வயிற்றுப்பாட்டுக்கு. உள்ளூர அவர் சங்கீத மேதை. பிள்ளையார் மேல் ஒரு பாட்டு எழுதி, ரீதிகௌளை ராகத்தில் மெட்டும் போட்டிருந்தார். அதைப் பாட எந்த வித்வானும் முன்வரவில்லை. கேட்க வீட்டு மாமியும் முன்வரவில்லை.

அப்போதுதான் செல்போன் வாங்கினார். சட்டைப்பையில் போட்டால் ஒரு பக்கத் தோள் சாயும். அதில் நாமே ஸ்வரங்களை அழுத்தி மணியோசை செய்துகொள்ளலாம் என்று தெரிந்த அன்று, "நீ புல்லாங்குழல் வாசிப்பியோன்னோ? உள்ள வா" என்றார். பள்ளிக்கூடத்தில் கொஞ்ச நாள் ஊதியதோடு சரி என்பதைச் சொல்லவே விடவில்லை.

கண்ணாடி அறைக்குள் அவர் பாடுவார், நான் அழுத்துவேன். ஒன்றுக்கு ச, இரண்டுக்கு ரி. மோட்டார் வாங்க வந்தவர்கள் வெளியே காத்திருப்பார்கள். அவர் ஒரு ஸ்வரத்தை ஊஞ்சல் மாதிரி ஆட்டிக் காட்டுவார். போனுக்கு ஆட்டத் தெரியாது. 'பீப்' என்று விறைப்பாக நிற்கும்.

"ஏண்டா, ரீதிகௌளை லாரி ரிவர்ஸ் எடுக்கற மாதிரி கேக்கறது?"

"போன்ல கமகம் வராது சார்."

"நீ பக்தியோட அழுத்தல."

ஒருவழியாக மெட்டு ஏறிவிட்டது. ஆனால் மணி அடிக்க யாராவது கூப்பிட வேண்டுமே? யாரும் கூப்பிடவில்லை. மாமியோடு மார்கழிக் கச்சேரி ஒன்றுக்குக் கிளம்பும்போது சொன்னார்: "சபாவுக்கு எதிர்த்தாப்ல இருக்கற டெலிபோன் பூத்துலேர்ந்து எனக்கு ரிங் விடு. நான் எடுக்க மாட்டேன். நீயும் வைக்காதே."

பூத்துக்காரருக்குப் பொறுக்கவில்லை. "இன்னா சார், ரிங்கு போய்க்கினே கீது, எட்க்கலையா?"

"எடுக்க மாட்டாருங்க."

"அப்பால இன்னாத்துக்குப் பண்ற?"

நியாயமான கேள்வி. மறுபடியும் எண்களை அழுத்தினேன்.

கொஞ்ச நேரத்தில் மாமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சபா வாசலுக்கு வந்தார். அழுகிறாரோ என்று ஓடினேன். சிரிப்பு. "பாடிண்டிருந்தவர் நிறுத்திட்டார்டா. 'யாராவது அந்தக் குழந்தைகிட்டேர்ந்து பொம்மையை வாங்குங்கோ'ன்னார். எல்லாரும் திரும்பிப் பாத்தா. இவர் எழுந்து நின்னு கும்பிடு போடறார்!"

மறுநாள் வேலை போய்விடும் என்ற முகத்தோடு போனேன். சார் கூப்பிட்டு, "கடைசி வரிசை வரைக்கும் கேட்டுதாம். வித்வானே பாட்டை நிறுத்திட்டுக் கேட்டார், தெரியுமோ?" என்றார். முகத்தில் அப்படியொரு நிறைவு. "ஆமா சார்" என்று தலையாட்டினேன். அந்த வாரத்திலிருந்து மாமி சமையலறையில் அந்த மெட்டை முணுமுணுக்கிறாள் என்று பூரித்துப்போனார். ஒருநாள் அவர் வீட்டுக்குப் போனபோது என் காதிலும் விழுந்தது. கமகமெல்லாம் இல்லை, போன் மாதிரியே பீப், பீப்.

சார் இப்போது இல்லை. கம்பெனி இருந்த இடத்தில் நகைக்கடை. போன வருஷம் கோட்டூர்புரத்தில் மகன் வீட்டிலிருக்கும் மாமியைப் பார்க்கப் போனபோது, அந்த மெட்டைப் பாடச் சொன்னேன். ஆசையாக ஆரம்பித்தவர் பாதி வரியில் நின்றுவிட்டார்.

"மறந்துடுத்துடா. நீதானே அழுத்தினே, உனக்கு ஞாபகம் இல்லியா?"

எனக்கும் இல்லை.