பச்சமுத்துவின் ஒற்றைப் பாய்மரப் படகு

வெல்டர் பச்சமுத்துவுக்கு அவருடைய இரங்கல் கூட்டத்திலேயே ஓர் அநீதி நடந்தது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன். துக்கத்தைப் பிறகு பேசலாம்.

மாலை போட்ட படத்துக்குப் பக்கத்தில், மேஜைமேல், மூன்று பாய்மரங்கள் கொண்ட பெரிய மரப் போர்க்கப்பல் மாதிரி ஒன்றை வைத்திருந்தார்கள். ‘அமரர் பச்சமுத்து கட்டிய கப்பல்’ என்று ஓர் அட்டை அதன்மேல் சாய்ந்திருந்தது. அந்தக் கப்பலை அவர் கட்டவில்லை. நான் கட்டினேன். அது என் மனக்குறை. அவருக்கு இருக்கக்கூடிய மனக்குறை இதைவிடப் பெரியது. புதிதாகக் கப்பல் கட்ட வருகிறவன் அப்படிப்பட்ட கப்பலைத் தொடவே கூடாது என்று பதினைந்து வருஷத்துக்கும் மேலாக வாதாடியவர் அவர். அவர் கட்டிய ஒற்றைப் பாய்மரப் படகோ, எங்கள் பொழுதுபோக்கு மன்றத்தின் ஸ்டோர் ரூமில் கேரம் போர்டுகளுக்குப் பின்னால் கிடந்தது.

செயலாளரைக் கேட்டேன். “அந்தப் படகு சின்னது சார். பின்னால உட்கார்ந்தவங்களுக்குத் தெரியாது” என்றார். பச்சமுத்துவின் வாழ்நாள் வாதத்தை ஒரே வாக்கியத்தில் தோற்கடித்துவிட்டு டீ சொல்லப் போய்விட்டார்.

செய்தி வந்த அன்று நான் நெமிலிச்சேரியில் என் வீட்டு கேட்டுக்குப் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தேன். பச்சமுத்துவின் மைத்துனர் மொபெட்டில் வந்து இறங்கினார். முகத்தைப் பார்த்ததுமே பிரஷ்ஷைக் கீழே வைத்துவிட்டேன்.

“மாமா போயிட்டாருங்க. நேத்து சாயங்காலம் வரைக்கும் நல்லாதான் இருந்தாரு. உங்களைத்தான் திட்டிக்கிட்டு இருந்தாரு.”

“எதுக்கு?”

“ஏதோ பெட்டியை இன்னும் பிரிக்கலியாமே நீங்க.”

எனக்கு அழுகையும் வந்தது, ஆறுதலும் வந்தது. என்னைத் திட்டும் அளவுக்குத் தெம்போடு இருந்திருக்கிறார். அந்தப் பெட்டியைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

மன்றத்தின் புதிய உறுப்பினர்களுக்காக ஒரு வார்த்தை. பச்சமுத்து ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். ஆவடித் தொழிற்சாலையில் கனரக வண்டிகளுக்கு வெல்டிங் செய்தவர். வேலைக்கு வந்த பிறகுதான் கடலையே பார்த்தவர். நான் அதே ஷெட்டில் லேத் ஓட்டியவன், நெமிலிச்சேரியில் பிறந்தவன், நான் அறிந்த பெருநீர் பருத்திப்பட்டு ஏரி. எங்கள் இருவருக்கும் கப்பலுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. எண்பதுகளின் தொடக்கத்தில் ஒரு நாள், அதிகாரி ஒருவர் வீட்டு ஜன்னல் கம்பியை வெல்டு வைக்கப் போன பச்சமுத்து, அவர் அலமாரியில் ஒரு மரக்கப்பலைப் பார்த்துவிட்டு வந்தார். மதியச் சாப்பாட்டைக்கூடத் திறக்கவில்லை.

“அண்ணாத்தே, தீக்குச்சி தடிமன்ல பலகை. ஒண்ணு மேல ஒண்ணு ஒட்டி, நிஜக் கப்பல் மாதிரியே வளைச்சிருக்கான். கடையில பெட்டியா விக்குதாம். நாமதான் கட்டிக்கணுமாம்.”

ஆவடிக்கு வந்து அவர் கற்றுக்கொண்ட முதல் வார்த்தை அண்ணாத்தே. கடைசிவரை என்னை அப்படித்தான் அழைத்தார்.

அடுத்த ஞாயிறு மின்சார ரயில் ஏறி பர்மா பஜாருக்குப் போனோம். வெளிநாட்டுப் பொருள் விற்ற ஒரு கடையில், ரேடியோக்களுக்கு மேலே, தூசி படிந்த இரண்டு பெட்டிகள் இருந்தன.

“இன்னா பாக்கற நைனா? பெருசு ஒண்ணு கீது, சிறுசு ஒண்ணு கீது. ரெண்டும் ஃபாரின் சரக்கு” என்றார் கடைக்காரர்.

பெரிய பெட்டியின் மேல் படம். மூன்று பாய்மரம், வரிசையாகப் பீரங்கிகள், பொங்கும் அலை. நான் அப்போதே கையை நீட்டிவிட்டேன். பச்சமுத்து என் கையைப் பிடித்து நிறுத்தினார்.

“பெட்டியைப் பிரிங்க” என்றார் கடைக்காரரிடம்.

“பிரிச்ச பெட்டிய எவன் வாங்குவான்?”

“பிரிக்காத பெட்டியை நான் வாங்க மாட்டேங்க.”

நடைபாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சின்னப் பெட்டியிலிருந்து வரைபடத்தை எடுத்து விரித்தார். கப்பலின் விலா எலும்பு மாதிரி இருக்கும் குறுக்குச் சட்டங்களை ஒவ்வொன்றாக வரைபடத்தின் மேல் வைத்து, அளவு ஒட்டுகிறதா என்று பார்த்தார். ஒரு மெல்லிய பலகையைக் கட்டைவிரலைச் சுற்றி மெதுவாக வளைத்தார். முகர்ந்தார். கூலியாட்கள் மூட்டையோடு அவரைத் தாண்டித் தாண்டிப் போனார்கள்.

“இன்னாய்யா இது, பொண்ணு பாக்க வந்தவனாட்டம் பாத்துகினு கீற!” என்றார் கடைக்காரர்.

“பொண்ணு பார்க்க இவ்வளவு நேரம் எடுத்துக்கலைங்க” என்றார் பச்சமுத்து, பலகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்: “பெட்டி மேல இருக்கிறது அவங்க கட்டி முடிச்ச கப்பல், அண்ணாத்தே. உள்ள இருக்கிறதுதான் நாம கட்டப் போறது.”

புதியவர்களுக்கு அவர் சொல்லிவந்தது எல்லாம் அந்த நடைபாதையில் பிறந்ததுதான். முதல் கப்பலுக்கு ஒரே பாய்மரம் போதும். வரைபடம் அசல் அளவிலேயே, அதாவது நாம் கட்டப் போகிற கப்பலின் அளவிலேயே, இருக்க வேண்டும், இல்லாவிட்டால் வாழ்க்கை முழுக்கக் கணக்குப் போடவேண்டி வரும். செய்முறை படமாக இருக்க வேண்டும், ஏனென்றால் கூட வரும் தாள் நமக்குத் தெரியாத ஏதோ ஒரு நாட்டு மொழியில் இருக்கும். பலகை இரண்டு அடுக்காக ஒட்டுகிற மாதிரி இருந்தால் நல்லது. “முதல் அடுக்கு நமக்கு, ரெண்டாவது அடுக்கு ஊருக்கு” என்பார். முதலில் செய்த கோணல்களை எல்லாம் தேய்த்து, மேலே இரண்டாவது அடுக்கைப் போட்டு மூடிவிடலாம் என்று அர்த்தம்.

என் கட்சி வேறு. பெரிய கப்பலில் தப்பு சின்னதாகத் தெரியும் என்றேன். “பெரிய கப்பல்ல தப்பு பண்ண இடமும் பெருசா இருக்கும்” என்றார். இருவரும் அவரவர் பெட்டியோடு ஊர் திரும்பினோம். ரயிலில் என் பெட்டிக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது. பூக்கார அம்மா ஒருவர், “டிவியா நைனா?” என்று கேட்டார். பச்சமுத்துவின் பெட்டியை யாரும் எதுவும் கேட்கவில்லை. எனக்கு அன்று பெருமையாகத்தான் இருந்தது. இன்றும் இருக்கிறது.

கட்ட ஆரம்பித்ததும் அடுத்த தகராறு வந்தது. பச்சமுத்து இடப்பக்கம் ஒரு பலகை ஒட்டினால், அடுத்து வலப்பக்கம் ஒரு பலகை ஒட்டுவார். ஒரே பக்கமாக வெல்டு வைத்தால் தகடு இழுத்துக்கொள்ளும் என்று தெரிந்த கை அது. நான் லேத்காரன். லேத்தில் வேலை சுற்றிக்கொண்டே இருக்கும், அதற்கு இடம் வலம் கிடையாது. எடுத்த பக்கத்தை முடித்துவிட்டுத்தான் அடுத்த பக்கம் என்று, இடப்பக்கம் முழுவதையும் ஒட்டி, தேய்த்து, தடவிப் பார்த்து மகிழ்ந்துவிட்டு, அப்புறம் வலப்பக்கத்துக்கு வந்தேன். அதற்குள் மழைக்காலமும் வந்தது.

பச்சமுத்து வந்து பார்த்தார். கப்பலின் மூக்கிலிருந்து ஒற்றைக் கண்ணை மூடி, கடைசிவரை பார்த்தார். சிரிப்பை அடக்கியதில் தோள் குலுங்கியது.

“அண்ணாத்தே, இது வாழைப்பழமாட்டம் வளைஞ்சிருக்கே.”

“வளையல. திரும்புது” என்றேன். “கடல்ல போற கப்பல் திரும்பாதா?”

“எங்க திரும்புது?”

“எங்க திரும்பணுமோ அங்க.”

“நான் பார்த்தவரைக்கும் பட்டாபிராம் பக்கமாத் திரும்புது” என்றார். அதிலிருந்து மன்றத்தில் அதற்குப் பட்டாபிராம் கப்பல் என்றே பெயர். அது கோணல் இல்லை என்பதை இந்தக் கட்டுரையிலும் பதிவு செய்கிறேன்.

அவருடைய படகு அந்தப் பொங்கலுக்கு முடிந்துவிட்டது. கைக்குழந்தை நீளம்தான் இருக்கும். அவர் மனைவி மல்லிகா, “இதுக்கா வீடு முழுக்க மரத்தூளு? சீப்பு வைக்கத்தான் ஆகும்” என்றார். சொன்னவரே விருந்தாளிகளிடம், “தொட்டுடாதீங்க, காத்துல ஒடைஞ்சிடும்” என்று காவல் நின்றார். பிறகு அது மன்றத்தின் கண்ணாடி அலமாரிக்கு வந்தது. ஸ்டோர் ரூமுக்குப் போனதெல்லாம் பின்னாளில்.

அதைப் பார்த்துத்தான் ரங்கநாயகி வந்தார். திருமழிசைத் தொழிற்பேட்டையில் தட்டச்சராக இருந்தவர், தனக்கும் ஒரு கப்பல் கட்ட வேண்டும், எதை வாங்கலாம் என்று கேட்டார். நாங்கள் இருவரும் அவர் முன்னாலேயே மோதிக்கொண்டோம். நான் பீரங்கி என்றேன், கம்பீரம் என்றேன். பச்சமுத்து, “முடிக்கக் கூடியதை வாங்கும்மா. ஒண்ணை முடிச்ச கைதான் அடுத்ததைக் கட்டும்” என்றார்.

ரங்கநாயகி பொறுமையாகக் கேட்டுவிட்டு என்னிடம் திரும்பினார். “சார், உங்க கப்பல் முடிஞ்சிருச்சா?”

பச்சமுத்து சட்டென்று எழுந்து தண்ணீர் குடிக்கப் போனார். என் முன்னால் சிரிக்கக் கூடாது என்ற மரியாதை அவருக்கு உண்டு. ரங்கநாயகி சின்னப் பெட்டி வாங்கினார், முடித்தார், பிறகு இன்னும் இரண்டு கட்டினார். அது அவருடைய திறமை. அதை வாதத்துக்கு ஆதாரமாக நான் ஏற்கவில்லை.

என் கப்பல் ஏன் முடியவில்லை என்பதற்குக் காரணம் உண்டு. மூன்று பாய்மரக் கப்பல் என்றால் கயிறுகளின் காடு. தையல் நூல் மாதிரி கயிறு, அதில் எறும்புத்தலை போல முடிச்சுகள். லேத்தில் அடிபட்ட என் சுட்டுவிரல் மடங்காது. பலகை ஒட்டும், தேய்க்கும், முடிச்சு மட்டும் போடாது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. பாய்மரங்கள் மொட்டையாக நின்றன. வருஷங்கள் போயின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பச்சமுத்து ஓர் இடுக்கியோடு வீட்டுக்கு வந்தார். என் விரலைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “எனக்குப் பொழுது போகல. நீங்க வரைபடத்தைப் படிங்க, நான் கட்டறேன்” என்று உட்கார்ந்தார். “இந்தக் கப்பலை வாங்காதேன்னு அன்னைக்கே சொன்னேன்” என்று ஒவ்வொரு முடிச்சுக்கும் ஒரு முறை சொன்னார். நானும் ஒவ்வொரு முறையும் பதில் சொன்னேன். அப்படி எத்தனையோ ஞாயிறுகள். கடைசி முடிச்சுகளை மட்டும், கப்பலை மன்றத்துக்குக் கொண்டுபோய் அங்கே வைத்துப் போட்டு முடித்தார். உறுப்பினர்கள் பார்த்தது அதைத்தான், பெரிய கப்பலின் மேல் குனிந்து கயிறு கட்டும் பச்சமுத்துவை. அட்டையில் தவறு புகுந்த வழி இதுதான். எனக்குப் புரிகிறது. புரிவதால் மன்னிக்க முடியாது. தான் எதிர்த்த கப்பலுக்குத் தன் ஞாயிறுகளைக் கொடுத்த மனிதருக்கு, அந்தக் கப்பலையே கட்டினார் என்று சொல்வது பாராட்டு ஆகாது.

நான் ஓய்வு பெற்ற அன்று ஷெட்டில் எல்லோரும் சால்வை போர்த்தினார்கள். பச்சமுத்து மட்டும் ஒரு பெட்டி கொடுத்தார். சின்னது. ஒரு பாய்மரம். மூடியின் டேப் பிரித்து ஒட்டப்பட்டிருந்தது. பிரிக்காமல் வாங்குகிற ஆளா அவர்?

“ஆரம்பிக்கிறவங்களுக்கு ஏத்தது, அண்ணாத்தே.”

“நான் ஆரம்பக்காரன் இல்ல” என்றேன். அலமாரி மேல் போட்டேன். அதன் பிறகு பார்க்கிற போதெல்லாம், “பிரிச்சீங்களா?” என்பார். “மாட்டேன்” என்பேன். கடைசி மாலையிலும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

இரங்கல் கூட்டம் முடிந்து வந்து பெட்டியை இறக்கினேன். மூடியைத் திறந்து, அவர் சொன்னபடி, மேலே இருந்த படத்தை விட்டுவிட்டு உள்ளே இருந்ததைப் பார்த்தேன். அசல் அளவில் வரைபடம். இரண்டு அடுக்குப் பலகை. ஒரு பாய், நாலைந்து கயிறு. முடிச்சுகள் எல்லாம் தடித்தவை, மடங்காத விரலாலும் போட்டுவிடக் கூடியவை. அந்த ஆள் பெட்டியைப் பிரித்து என் விரலுக்குத்தான் பொருத்தம் பார்த்திருக்கிறார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பெட்டியும் அவர் இடுக்கியும். இடுக்கியை மல்லிகா கொடுத்தார். மற்றவை மன்றத்தில் இருக்கின்றன. ஆகவே நடக்க வேண்டியவற்றைச் சொல்கிறேன்.

செயலாளர் அந்த அட்டையை எடுக்க வேண்டும். ‘கட்டியவர் லேத்காரர், கயிறு பச்சமுத்து’ என்று புதிதாக எழுத வேண்டும், கோணல் என்ற சொல் எங்கும் வரக் கூடாது. பச்சமுத்துவின் படகை ஸ்டோர் ரூமிலிருந்து எடுத்து, கண்ணாடி அலமாரியின் நடுத்தட்டில், கண் உயரத்தில் வைக்க வேண்டும். பின்னால் இருப்பவர்களுக்குத் தெரியாவிட்டால் அவர்கள் எழுந்து முன்னால் வர வேண்டும். கேரம் போர்டு இடித்து அதன் கயிறு ஒன்று அறுந்திருக்கிறது, அதை ரங்கநாயகி மட்டும்தான் தொட வேண்டும். படகு அலமாரிக்குத் திரும்பும் அன்று மல்லிகா வந்து, தொட்டுடாதீங்க என்று ஒரு முறை சொல்ல வேண்டும். நான் சின்னக் கப்பல் கட்ட வேண்டும்: இடப்பக்கம் ஒரு பலகை, அடுத்து வலப்பக்கம் ஒரு பலகை.