சாயங்கால மாத்திரை

என் அக்காவின் கணவர் லிப்ட் பழுது பார்க்கிறவர். எனக்கு அத்தான். கூட வேலை செய்கிறவர்களுக்கு 'இன்னும் ஒரு வருஷம்'. அதுதான் அவருடைய பட்டப்பெயர். எந்தக் கட்டடத்துக்காரர் கூப்பிட்டு, இந்த லிப்ட் தேறுமா, கழித்துவிட்டுப் புதிதாகப் போட்டுவிடலாமா என்று கேட்டாலும், இன்னும் ஒரு வருஷம் ஓடும் என்பார். அடுத்த வருஷம் கேட்டாலும் அதே பதில்தான். கயிற்றை மாற்றுவார், கதவு உருளையை மாற்றுவார், இடிக்கப்போகிற கட்டடம் எதிலிருந்தோ ஒரு பாகத்தைக் கழற்றிவந்து பொருத்துவார். அதுவும் முனகிக்கொண்டே ஓடும். ஒரு இயந்திரத்தைப் பார்த்து 'இது முடிந்தது' என்று சொல்ல அவருக்கு நாக்கு எழாது. மேலாளர் பல்லைக் கடிப்பாராம். ஆனால் குழிக்குள் இறங்க அவரைப்போல் ஆள் இல்லை என்பதால் ஒன்றும் சொல்லமாட்டாராம்.

குழி என்பது லிப்ட் வந்து நிற்கும் கடைசித் தளத்துக்கும் கீழே இருக்கும் பள்ளம். எண்ணெய்ப் பிசுக்கும் குப்பையும் சேர்ந்து கிடக்கும். அப்படி ஒரு குழியில்தான் அத்தானுக்கு மாப்பிள்ளை கிடைத்தது. எப்படி விழுந்ததோ, பால்குடி மறந்து சில நாளே ஆன நாய்க்குட்டி. கருவிப் பையில் ஸ்பானர்களுக்கு நடுவே வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார். வந்த அன்றே சோபாவில் ஏறி உட்கார்ந்துகொண்டு, தட்டு தன்னிடம் வரும்வரை அசையவில்லையாம். "நம்ம வீட்டுக்கு வந்த மாப்பிள்ளைடி இது, நல்லா கவனிச்சுக்க" என்று அத்தான் அக்காவிடம் சொல்ல, பெயர் நிலைத்துவிட்டது. தொலைபேசியில் அம்மா, மாப்பிள்ளை சாப்பிட்டாரா என்று விசாரிக்கும்போதெல்லாம், எந்த மாப்பிள்ளை என்று கேட்டு அக்கா வெறுப்பேற்றுவாள்.

பழைய வேலையை விட்டு, அடுத்த நாட்டு வேலைக்கான அனுமதி வராமல், திரிசங்குவாக அக்கா வீட்டுப் பின்னறையில் நான் தங்கியிருந்த சமயம் அது. மாப்பிள்ளை அப்போது கிழம். முகவாய் நரைத்து, பின்னங்கால்கள் இரண்டும் தொய்ந்து, இடுப்பு ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. மூட்டு தேய்ந்துவிட்டது, சிறுநீரகமும் பாதிதான் வேலை செய்கிறது என்று கால்நடை டாக்டரம்மா சொல்லியிருந்தார். வலிக்கு ஒரு மாத்திரை கொடுத்திருந்தார். ஒரு நாளைக்கு ஒன்றுதான், காலையில். கூடினால் சிறுநீரகம் கெட்டுவிடும். கடைசியாகப் போனபோது அத்தானை உட்காரவைத்து, நல்ல நாட்களையும் கெட்ட நாட்களையும் பார்த்துக்கொண்டே வாருங்கள், கெட்டது கூடும்போது என்னைக் கூப்பிடுங்கள், அதற்கு மேல் அதை இழுத்துப் பிடிப்பது நமக்காகத்தான், அதற்காக இல்லை என்றும் சொல்லியிருந்தார்.

அத்தானும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஒரு கெட்ட நாள் கூட அவர் கண்ணில் படவில்லை.

அவர் வேலை முடிந்து வரும்போது வாசல் கதவின் கொக்கி சத்தம் கேட்கும். உடனே மாப்பிள்ளை முன்னங்காலை ஊன்றி, பின்பக்கத்தை ஒரு உலுக்கு உலுக்கி எழுந்துவிடும். ஆடி அசைந்து கூடத்தைக் கடந்துபோய் அவர் முழங்காலில் தலையை முட்டிக்கொண்டு நிற்கும். அவர் பூட்ஸைக் கழற்றும்வரை வால் ஓயாது. பிறகு இரண்டு பேரும் தெருமுனை விளக்குக்கம்பம் வரை போய் வருவார்கள். வந்ததும் தட்டு காலியாகும்.

"பாரு மச்சினிச்சி, நடக்கறான், திங்கறான், வால ஆட்டறான். நம்ம ஆபீஸ்ல பாதிப் பேரு இவ்வளவு பண்ணமாட்டான். இன்னும் ஒரு வருஷம் ஓடுவான்" என்பார் என்னிடம்.

நான் சிரித்துவைப்பேன். ஏனென்றால் நான் அந்த வீட்டில் பகலிலும் இருந்தேன்.

அத்தான் விடிவதற்குள் கிளம்பிவிடுவார். மாப்பிள்ளை அப்போது சுவரைப் பார்த்துப் படுத்திருக்கும். தூங்குகிறான், எழுப்பாதே என்று விரல்நுனியில் நடந்து போவார். அது தூங்கவில்லை. வெளிச்சம் வந்தபின் பார்த்தால் கண் திறந்தேதான் இருக்கும். மூச்சு மேலும் கீழுமாக இரைக்கும். தண்ணீர்க் கிண்ணத்தை வாயருகே வைத்தால் நாக்கை மட்டும் நீட்டும். படுத்த இடத்திலேயே நனைத்துவிட்டு, செய்யக்கூடாததைச் செய்துவிட்டதுபோல் தலையைத் திருப்பிக்கொள்ளும். அக்கா ஒரு கண்ணாடிக் கடைக்காக வீட்டிலிருந்தபடியே தொலைபேசியில் பேசுகிற வேலை பார்த்தாள். காதில் கருவியை மாட்டிக்கொண்டு, யாருக்கோ கண் பரிசோதனைக்கு நேரம் கொடுத்துக்கொண்டே, குனிந்து மாப்பிள்ளையை ஒரு பக்கமாகப் புரட்டி ஈரத்துணியை உருவுவாள். புரட்டும்போது அது ஒரு சத்தம் போடும். அந்தப் பக்கத்தில் இருப்பவர் என்ன சத்தம் என்று கேட்பார் போலிருக்கிறது. "நாற்காலிங்க" என்பாள் அக்கா.

மத்தியானம் தாண்டியதும் ரொட்டித் துண்டில் மாத்திரையைப் பொதிந்து ஊட்டுவாள். துணிகளைத் துவைத்துக் கொல்லைப்புறம் காயப்போடுவாள். தரையைத் துடைத்து ஜன்னலைத் திறந்துவைப்பாள். கொக்கி சத்தம் கேட்கும் நேரத்தில் வீட்டில் எந்த வாடையும் இருக்காது. மாப்பிள்ளையின் வலி மரத்துப்போயிருக்கும்.

எனக்கு இது விளங்கவே சில நாட்கள் ஆயின. விளங்கியபின் சும்மா இருக்க முடியவில்லை. கேஸ் அடுப்பை அணைத்தோமா என்று இரண்டு முறை எழுந்துபோய்ப் பார்க்கிற ஜன்மம் நான்.

"காலையில குடுக்கணும்னுதானேக்கா டாக்டரம்மா சொன்னாங்க?"

"எனக்கும் காது கேக்கும்" என்றாள்.

பிறகு அவளே சொன்னாள். டாக்டரம்மா அந்த நல்ல நாள், கெட்ட நாள் பேச்சை எடுத்த மறுநாள் அத்தான் வேலைக்குப் போயிருக்கிறார். லிப்ட் பெட்டியின் கூரைமேல் ஏறுவதற்கு முன் மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்சில் தன் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ளவேண்டும். புதிதாகச் சேர்ந்தவனுக்கு அவர் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான். அன்றைக்கு அதைச் செய்யாமல் ஒரு காலைக் கூரையில் வைத்துவிட்டார். கூட்டாளி நெட்டையர் சட்டைக் காலரைப் பிடித்துப் பின்னால் இழுத்திருக்கிறார். சாயங்காலம் நெட்டையரே அக்காவுக்குப் போன் செய்து, "வீட்ல என்ன விஷயம்னு எனக்குத் தெரியாது அண்ணி. ஆனா மனசு வெளியில இருக்கற ஆள உள்ள அனுப்பாதீங்க" என்று சொன்னாராம்.

அன்றிலிருந்துதான் மாத்திரை சாயங்காலத்துக்கு மாறியது. வார விடுமுறை நாளில் மட்டும் காலையில் கொடுப்பாள். அன்று மாலை அது எழவில்லையென்றால், பகல் முழுக்க ஆடிய அசதி என்று அத்தானே காரணம் சொல்லிக்கொள்வார்.

"அதுக்காக இப்படியா? பகல் பூரா அது படற பாட்ட நீதானே பாக்கற" என்றேன்.

"ஒரு மாத்திரைதான்டி இருக்கு. அத வச்சு ஒருத்தரத்தான் காப்பாத்தலாம். யாரக் காப்பாத்தட்டும், நீயே சொல்லு."

துணியைப் பிழிய ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் பிடித்தேன். அத்தானிடம் நானாவது சொல்லிவிடலாமா என்று மாலைதோறும் தோன்றும். அவர் கட்டைவிரல் நகத்தில் ஏறியிருக்கும் கறுப்பு எண்ணெயைப் பார்ப்பேன். நான் சொல்லி, மறுநாள் அவருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்று நினைத்ததும் எழுந்து பின்னறைக்குப் போய்விடுவேன். வலியில் ஒரு நாயை வைத்துக்கொண்டு இரண்டு பெண்கள் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

இப்படியே போயிருந்தால் எங்கே போய் முடிந்திருக்குமோ. ஒரு நாள் அத்தான் சிரித்த முகமாக வந்து, லீவு போட்டுவிட்டேன், வாரம் பூராவும், என்றார். மாப்பிள்ளை இவ்வளவு தெம்பாக இருக்கும்போதே அவனை ஏரிப் பக்கம் கூட்டிப்போக வேண்டுமாம். குட்டியாக இருந்தபோது அங்கே வாத்துகளைத் துரத்துமாம். வண்டியில் ஏற்றி இறக்கச் சறுக்குப் பலகை ஒன்றையும் ஆபீசிலேயே செய்து கொண்டுவந்திருந்தார். வழுக்காமல் இருக்க மேலே ரப்பர் ஒட்டியிருந்தது.

அக்கா பலகையைத் தடவிப் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றாள். உள்ளே வந்தவள் சமையலறைத் தொட்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். காலையில் கொடுத்தால் மாலையில் தெரிந்துவிடும். மாலையில் கொடுத்தால் காலையில் தெரிந்துவிடும். இரண்டு கொடுத்தால் சிறுநீரகம். நானும் எல்லாப் பக்கமும் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வழியே இல்லை.

"ஒண்ணு மட்டும் இருக்கு. இந்த வாரம் அவரு குழியில இறங்கமாட்டாரு" என்றாள் தொட்டியைப் பார்த்தபடியே.

மறுநாள் காலையில் அவள் மாத்திரையை எடுக்கவில்லை. நனைந்த துணியையும் மாற்றவில்லை. கூடத்தில் மாப்பிள்ளை பக்கத்தில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அத்தான் குளித்துவிட்டு, துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தார். "கெளம்பலாமாடா?" என்றார்.

அந்தக் குரலுக்கு மாப்பிள்ளை எழப் பார்த்தது. முன்னங்கால்கள் ஊன்றின. பின்பக்கம் வரவில்லை. நகங்கள் தரையில் கிறீச்சிட்டன. மறுபடி முயன்றது. விழுந்தபோது அது போட்ட சத்தத்தை அத்தான் அதுவரை கேட்டதில்லை. நாங்கள் தினமும் கேட்பது. விழுந்த பிறகும் அவரைப் பார்த்து வாலை மட்டும் அசைக்கப் பார்த்தது.

அத்தான் மண்டியிட்டார். கையில் ஈரம் பட்டது. ராத்திரி ஏதோ ஆகிவிட்டது என்றுதான் நினைத்தார். வண்டிச் சாவியைத் தேடச் சொன்னார்.

"ராத்திரி ஒண்ணும் ஆகலைங்க" என்றாள் அக்கா. பிறகு எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லும்போது அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மாத்திரையைப் பற்றி, துணியைப் பற்றி, நெட்டையர் போன் செய்ததைப் பற்றி, ஒன்றையும் விடவில்லை. கத்துவார் என்று நினைத்து நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன். அவர் கத்தவில்லை.

"தினமுமா?"

"தினமும்."

"நான் போகும்போது தூங்கிட்டிருப்பானே?"

அத்தான் கொஞ்ச நேரம் துண்டால் அந்த ஈரத்தைத் துடைத்தார். துடைத்த இடத்தையே துடைத்தார். டாக்டரம்மாவுக்குப் போன் போடு என்று என்னிடம் சொன்னார். நான்தான் பேசினேன். வரிசையில் இருப்பவர்களைப் பார்த்துவிட்டு மத்தியானம் வீட்டுக்கே வருவதாக டாக்டரம்மா சொன்னார்.

மத்தியானத்துக்கு நிறைய நேரம் இருந்தது. அத்தான் மாத்திரையைக் கொடுக்கச் சொன்னார். அக்கா டப்பாவை நெஞ்சோடு பிடித்துக்கொண்டாள். "குடுத்தா எழுந்திருவான். எழுந்து நின்னா உங்களால அவன அனுப்பிவைக்க முடியாதுங்க."

"அதுக்காக? அவன் வலியோட கெடக்கணுமா, எனக்குச் சுலபமா இருக்கட்டும்னு?"

கொடுத்தாள். அக்கா சொன்னபடியேதான் நடந்தது. டாக்டரம்மா வந்து வாசல் கொக்கியைத் தூக்கியபோது மாப்பிள்ளை எழுந்து, ஆடி அசைந்து போய் அவர் பையை முகர்ந்தது. வாலும் ஆடியது. டாக்டரம்மாவே ஒரு நிமிஷம் தடுமாறி எங்களைப் பார்த்தார். அத்தான் அது நடப்பதைப் பார்த்தார். அவர் முகத்தில் பழைய வெளிச்சம் வந்துவிட்டது. ஏரி இருக்கிறது, பலகை இருக்கிறது, இன்றைக்கு வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், யாரும் மறுக்கப்போவதில்லை. நானும் அதைத்தான் விரும்பினேனோ என்னவோ.

"மாத்திரை எதுவரைக்கும் தாங்கும்?" என்று அத்தான் கேட்டார்.

"இருட்டற வரைக்கும் தாங்கலாம். அப்புறம் காலையில பாத்தீங்களே, அதேதான். நீங்கதான் சொல்லணும்" என்றார் டாக்டரம்மா.

அத்தான் சுற்றுமுற்றும் பார்த்தார். சொல்லக்கூடிய வேறு யாராவது அறையில் இருக்கிறார்களா என்று தேடுவதுபோல் இருந்தது. அக்கா குனிந்துகொண்டாள். நானும்தான்.

"அப்ப அது தாங்கறப்பவே" என்றார்.

டாக்டரம்மா மாப்பிள்ளையின் மெத்தை அருகே உட்கார்ந்து பையைத் திறந்தார். முதலில் தூங்க ஒரு ஊசி, அது வலிக்காது, தூங்கிய பிறகுதான் மூச்சை நிறுத்துகிற ஊசி, அவனைப் படுக்கவையுங்கள் போதும் என்றார். அக்கா கூப்பிட்டாள். அது வரவில்லை. நான் மெத்தையைத் தட்டினேன். என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அத்தான் நின்றுகொண்டிருந்தார். அவர் நின்றால் வெளியே போகிறார் என்று அதற்கு அர்த்தம். அவர் எங்கேயும் போகவில்லை என்று தெரியும்வரை அதுவும் அவர் காலோடு ஒட்டி நிற்கும். தொய்ந்த பின்னங்கால்கள் நடுங்க நடுங்க நின்றது.

"ஏங்க, நீங்க உக்காந்தாத்தான் படுப்பான்" என்றாள் அக்கா மெல்ல.

அது அவருக்கும் தெரியும். அதனால்தான் நின்றுகொண்டிருந்தார். டாக்டரம்மா அவசரப்படுத்தவில்லை. தெருவில் யாரோ வண்டியைக் கிளப்பிப் போனார்கள். மாப்பிள்ளை தலையை நிமிர்த்தி அவரைப் பார்த்தது, என்ன, போகலாமா வேண்டாமா என்பதுபோல். அத்தான் ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு, குழிக்குள் இறங்குகிறவர் மாதிரி, மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார்.