அன்புச்செல்விக்குக் கூடிப்போன ஒரு வயது

சைதாப்பேட்டை மார்க்கெட் ஓரம் இட்லி விற்கும் பொன்மணியக்காவுக்கு எங்கள் இ-சேவை மையத்தில் எப்போதும் ஒரே வேலைதான். மகள் அன்புச்செல்விக்கு உதவித்தொகை ஏறிவிட்டதா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். கணவர் இறந்தபின், பிள்ளையின் படிப்புக்காக அரசு மாதாமாதம் போடும் பணம் அது. நானும் உதவித்தொகையில் படித்து வந்தவன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அக்கா படியேறும்போதே கணினியில் அவர் பக்கத்தைத் திறந்து வைத்திருப்பேன்.

ஜூலையில் பணம் ஏறவில்லை. பயனாளிக்குப் பதினெட்டு வயது முடிந்துவிட்டது என்று திரையில் வந்தது.

"இன்னா நைனா சொல்ற? பதினேழுதான் ஆவுது அதுக்கு. இப்பதான் பன்னெண்டாவது பட்ச்சிக்கினு கீது!"

விண்ணப்பத்தோடு ஏற்றியிருந்த பள்ளிச் சான்றிதழைத் திரையில் காட்டினேன். ஒரு வயது கூடுதலாக இருந்தது. அக்காவுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆளில்லாமல், நாலு வயதிலேயே ஒன்றாம் வகுப்பில் சேர்க்கக் கூட்டிப் போயிருக்கிறார்.

"கைய தலைக்கு மேல போட்டு காத தொடச் சொன்னாரு வாத்தியாரு. நெட்டச்சி, தொட்டுட்டா! நான் அங்கியே கைதட்னேன்."

வாத்தியாரும் ஐந்து என்று ஒரு ஜூன் தேதியைப் போட்டுவிட்டார். பிறகு அரசு ஆற்றங்கரை வீட்டை இடித்து, ஊருக்கு வெளியே பெரும்பாக்கத்துக்கு அனுப்பியதில் படிப்பு ஒரு வருடம் நின்றது. அப்பா போனபோது இன்னொரு வருடம். பிறந்த ஆஸ்பத்திரிச் சீட்டு வெள்ளத்தோடு போய்விட்டது.

அக்காவை உதவித்தொகை வழங்கும் அலுவலகத்துக்கு அழைத்துப் போனேன்.

"பத்தாவது மார்க் ஷீட்லயும் இதே தேதிதான் இருக்கு. மாத்தணும்னா கோர்ட் ஆர்டர் வேணும்" என்றார் அதிகாரி.

"அதுக்குள்ள அவளுக்குப் பரீட்சையே முடிஞ்சிடும் சார்."

"டிகிரி படிச்சிருக்கீங்க. உங்களுக்குத் தெரியாததா தம்பி?"

தெரியும். காகிதங்களை மடித்து எடுத்துக்கொண்டு எழுந்தேன். "நீ இன்னாமோ இங்கிலீஷ்ல நாலு வார்த்த பேசுவன்னு பாத்தேன்" என்றார் அக்கா, வெளியே வந்ததும்.

அடுத்த வாரம் அன்புச்செல்வி மட்டும் வந்தாள். தி.நகர் துணிக்கடையில் ஆள் எடுக்கிறார்களாம்.

"பதினெட்டு முடிஞ்சிருக்கணுமாண்ணா. சர்டிபிகேட் ஒரு ஜெராக்ஸ் போடு."

"ஸ்கூல்?"

"அம்மா ஒண்டியா எவ்ளோண்ணா ஓடும்?"

நகல் எடுத்துக் கொடுத்தேன். தேதியை விரலால் தொட்டுப் பார்த்தாள்.

"இத ஒத்துப்பாங்க இல்ல?"

ஒத்துக்கொள்வார்கள் என்றேன்.