கண்மாய்த் திட்டில் நெடுங்கால் உள்ளான்களும் ஓர் ஆட்டுக் கிடையும்

நீர்ப்பறவை பார்க்க எல்லோரும் மார்கழி, தை மாதங்களில்தான் கிளம்புவார்கள். நான் மே மாதக் கடைசியில் கம்பம் பள்ளத்தாக்குக்குப் போனேன். காரணம் பாத்திமா. கல்லூரி விடுதியில் என் அறைத்தோழி, இப்போது உத்தமபாளையத்தில் விலங்கியல் ஆசிரியை. "குளிர்காலத்துல வர்றதெல்லாம் விருந்தாளிக. இங்கனயே குடும்பம் நடத்துறது யாருன்னு கோடையில வந்து எண்ணிப் பாரு கவி" என்று போனில் சவால் விட்டாள். வெயிலுக்குப் பயந்து வீட்டில் உட்காருகிற ஆள் இல்லை நான். தொலைநோக்கியைத் துடைத்துப் பையில் வைத்தேன்.

மதுரை ஆரப்பாளையத்திலிருந்து தேனிக்குப் பேருந்தில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். அங்கிருந்து உத்தமபாளையம் இன்னும் முப்பது கிலோமீட்டர். வீரபாண்டித் திருவிழா முடிந்திருந்ததால் சாலையில் நெரிசல் இல்லை. திருவிழா வாரத்தில் போகிறவர்கள் கூடுதல் நேரம் வைத்துக்கொள்ளுங்கள். அன்றிரவு பாத்திமா வீட்டில் இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். எட்டரை மணிக்கே தூங்கிவிட்டேன். பறவை பார்ப்பவர்களுக்கு முதல் தகுதி அதுதான்.

கண்மாயின் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. கூடு இருக்கும் இடத்தை ஊரறியச் சொன்னால் அடுத்த வாரமே கேமராக்கள் வந்து நிற்கும். மீன் குத்தகைக்காரரிடம் பாத்திமா முன்பே அனுமதி வாங்கியிருந்தாள். காலை ஐந்தரைக்கு ராசு என்ற மீனவர் எங்களைப் பரிசலில் ஏற்றினார். இருவருக்கும் சேர்த்து முந்நூறு ரூபாய். கண்மாய் நடுவே ஒரு திட்டு. மழைக்காலத்தில் முழுகிக் கிடக்கும். கோடையில் நீர் வடிய வடிய முதுகைக் காட்டும். கால்பந்துத் திடலில் பாதி அளவு இருக்கும். ஒரு பக்கம் வெடித்த வண்டல், இன்னொரு பக்கம் பச்சைப் புல்.

திட்டின் மீது நாங்கள் நடக்கவில்லை. ஓரத்தில் ஒரு கருவேல நிழலில் உட்கார்ந்து தொலைநோக்கியில்தான் எண்ணினோம். புல்லுக்குள் புள்ளிமூக்கு வாத்துகள் ஆறு. வண்டலில் பட்டாணி உப்புக்கொத்தி இரண்டு ஜோடி. மற்றதெல்லாம் நெடுங்கால் உள்ளான்: கறுப்பு வெள்ளை உடம்பு, குச்சி குச்சியாய் இளஞ்சிவப்புக் கால்கள். பத்தொன்பது பறவைகள் அடைகாத்துக்கொண்டிருந்தன. தரையில் லேசாகப் பறித்த குழிதான் கூடு. வெயில் ஏறியதும் ஒரு பறவை எழுந்து போய் வயிற்றை நீரில் நனைத்துக்கொண்டு ஓடிவந்து மறுபடி முட்டைமேல் உட்கார்ந்தது. முட்டைக்குக் குளிர்ச்சி வேண்டுமாம். எண்ணுவதை விட்டுவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். பாத்திமா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

ஏழரை இருக்கும். எதிர்க்கரைப் பக்கம் புழுதி கிளம்பியது. ஒரு பெரிய ஆட்டுக் கிடை. திட்டுக்கும் அந்தக் கரைக்கும் இடையே கணுக்கால் அளவுதான் தண்ணீர் மிச்சமிருந்தது. ஆடுகள் புல்லைப் பார்த்துவிட்டன.

செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு இருவரும் சேற்றில் ஓடினோம். மந்தைக்குப் பின்னால் ஐம்பது வயது மதிக்கத்தக்க ஒருவர் தோளில் கூடையோடு வந்தார். கருப்பையா என்று பிறகு தெரிந்துகொண்டோம்.

"அண்ணே, கொஞ்சம் நிப்பாட்டுங்க! திட்டுல பறவை முட்டை கெடக்கு. ஆடு ஏறுச்சுன்னா ஒண்ணும் மிஞ்சாது!" என்று கத்தினேன்.

அவர் கூடையை இறக்கினார். உள்ளே இரண்டு குட்டிகள், தொப்புள்கொடி இன்னும் காயவில்லை. "ஆத்தா, ஆண்டிபட்டியில இருந்து நடந்து வாரோம். வழியில ஒரு பச்சை இல்ல. அங்கன மட்டுந்தான் புல்லு தெரியுது. ஒங்க பறவை குஞ்சு பொரிக்கணும், சரி. எங்க ஆட்டுக்குப் பாலு ஊற வேணாமா?"

பாத்திமா போனை எடுத்து வயல் வைத்திருக்கும் அவள் அப்பாவை அழைத்து ஸ்பீக்கரில் போட்டாள்.

"அத்தா, நாத்துப் பாவுறதுக்கு முன்னாடி வயல்ல எருவுக்கு ஆட்டுக்கிடை போடணும்னு சொன்னீகள்ல? இங்கன ஒருத்தவுக ஆட்டோட வந்திருக்காக."

"எத்தனை உருப்படி?"

"முந்நூறு இருக்கும்யா" என்றார் கருப்பையா.

"எனக்கு அஞ்சாறு நாள் போதுமே. அதுக்கு மேல என்ன செய்றது?"

"ஆத்துல தண்ணி தெறக்குற வரைக்கும் பக்கத்து வயலெல்லாம் சும்மாதான கெடக்கு? நீங்க பேசுங்கத்தா" என்றாள் பாத்திமா.

அத்தா யோசித்துக்கொண்டிருந்தார். ஆடுகள் யோசிக்கவில்லை. முன்னால் நின்ற இருபது முப்பது ஆடுகள் தண்ணீரைக் கடந்து திட்டில் ஏறிவிட்டன. உள்ளான்கள் எல்லாம் ஒரே சமயத்தில் எழும்பி அலறின. ஓர் உப்புக்கொத்தி, கூட்டைவிட்டுத் திசைதிருப்ப, சிறகு ஒடிந்ததுபோல் தரையில் இழுத்துக்கொண்டு ஆடுகளின் முன் ஓடியது. நான் அழுதேவிட்டேன்.

"வரச் சொல்லும்மா, பேசிக்கிறேன்" என்று போனில் குரல் வந்ததும் கருப்பையா சேற்றில் பாய்ந்தார். நாக்கை மடித்து ஒரு சத்தம் கொடுத்தார். முன்னால் நின்ற கிடா தலையைத் தூக்கிப் பார்த்தது. திரும்பியது. மற்றவையும் அதன் பின்னால் திரும்பின. கரை ஓரத்திலேயே வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டு மந்தை வயல் பக்கம் நடந்தது.

பறவைகள் கால் மணி நேரத்தில் கூட்டுக்குத் திரும்பிவிட்டன. மறுபடி எண்ணினோம். பதினாறு. மூன்று கூடுகள் போய்விட்டன. கடைசி ஆட்டைத் திட்டிலிருந்து விரட்டி வந்தபோதே உடைந்த முட்டை ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்த கருப்பையா, "மண்ணு நெறத்துலயே இருந்தா நாங்க எப்படி ஆத்தா கண்டோம்?" என்றிருந்தார். குற்ற உணர்ச்சியும் கோபமும் கலந்த குரல்.

பாத்திமாவின் அத்தா சொன்னபடி செய்தார். பக்கத்து வயல்காரர்கள் நான்கு பேர் முறை வைத்துக் கிடை போட்டுக்கொண்டார்கள். அவர்களுக்கு உரம், ஆடுகளுக்கு அறுவடைத் தாளும் வாய்க்கால் கரைப் புல்லும். பறவைகளைக் காப்பாற்ற வேண்டுமென்றால் அந்த மண்ணில் பிழைக்கிற மற்றவர்களுக்கும் வழி பார்க்க வேண்டும். வெறுங்கையோடு போய் 'வராதே' என்று சொல்ல எனக்கு இனி மனம் வராது.

கோடையில் நீர்ப்பறவை கணக்கெடுக்கப் போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். விடிவதற்குள் இடத்தில் இருங்கள், எட்டரைக்கு முன் வெளியேறுங்கள். வெயிலில் தாய்ப்பறவையை எழுப்பினால் முட்டை வெந்துபோகும். கூட்டின் அருகே போய்ப் படம் எடுக்காதீர்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் கட்டாயம். கண்மாயில் இறங்கும் முன் குத்தகைக்காரரிடமும் ஊர்க்காரர்களிடமும் பேசுங்கள். முடிந்தால் உள்ளூர்த் தோழி ஒருத்தியோடு போங்கள். போனில் அத்தாவைப் பிடிக்கத் தெரிந்தவளாக இருந்தால் இன்னும் நல்லது.

ஜூன் இரண்டாம் வாரம் பாத்திமா மட்டும் போய்ப் பார்த்தாள். பஞ்சு உருண்டைகள் போல் இருபத்தேழு குஞ்சுகள் நீர் ஓரத்தில் கொத்திக்கொண்டிருந்தனவாம். எனக்குச் சொல்லிவிட்டு, கிடையோடு போடி பக்கம் போயிருந்த கருப்பையாவையும் அழைத்துச் சொல்லியிருக்கிறாள்.

"அவரு என்ன சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஆடு மேய்ச்சலுக்குப் போற எடத்துலயெல்லாம் இப்பத் தரையப் பாத்துத்தான் நடக்குறாராம். கழுத்து வலிக்குதுன்னு என்னைய வையிறாரு" என்றாள்.